தேங்காய் நாரில் போன ரெகுலேட்டர்

"பெறப்பட்ட வோல்டேஜ் ரெகுலேட்டரின் இணைப்புப் பின்கள் ஏழும் பச்சைக் களிம்பு பிடித்துள்ளன. பொதி செய்யப் பயன்படுத்திய பொருள் ஏற்கத்தக்கதல்ல. பொதி செய்தவர், சரிபார்த்தவர் ஆகிய இருவரின் விளக்கமும் எழுத்தில் வேண்டும்."

சென்னைப் பணிமனையிலிருந்து ஆங்கிலத்தில் டைப் செய்து வந்த மூன்று வாக்கியங்கள். அன்றே தமிழாக்கி நாட்குறிப்பில் எழுதிக்கொண்டேன். பக்கத்தின் தலைப்பில் 1973 ஜூன் 26, செவ்வாய் என்றும், அதன் கீழே கொல்லம் ஆண்டு 1148, மிதுனம் என்றும் இருக்கிறது. வீட்டில் பஞ்சாங்கமும் ஆபீசில் காலண்டருமாக வாழ்ந்தவன் ஆதலால் இரண்டு கணக்கிலும் தேதி போடுவது என் வழக்கம். அன்று மிதுனம் என்று எழுதிவிட்டு, அது எத்தனையாம் நாள் என்பதை எழுதாமல் விட்டிருக்கிறேன். என் நாட்குறிப்புகளில் அப்படி விட்ட பக்கங்கள் மிகக் குறைவு.

அப்போது நான் திருவனந்தபுரம் விமான நிலையத்தில், ஒரு விமான ஸ்தாபனத்தின் ஸ்டோர்ஸ் குமாஸ்தா. ஸ்டோர்ஸ் என்றால் ஒரு தகரக் கொட்டகை. சங்குமுகத்துக் கடற்காற்று நேரே வந்து மோதும். காலையில் துடைத்த மேஜையை மதியம் தொட்டால் கையில் பிசுபிசுக்கும். விமானத்திலிருந்து கழற்றிய பழுதான மின்பாகங்கள் சிவப்பு அட்டை கட்டி எங்களிடம் வரும். அவற்றைப் பதிவு செய்து, பொதிந்து, சென்னைக்கு அனுப்பவேண்டும். அங்கே பழுது பார்த்து மஞ்சள் அட்டையோடு திருப்பி அனுப்புவார்கள். ஏற்கனவே கெட்டுப்போனதுதானே என்று ஏனோதானோவென்று கட்டினால், ஒரு பழுதோடு இங்கிருந்து கிளம்பியது மூன்று பழுதோடு அங்கே போய்ச் சேரும். இதைப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்திருந்தது.

அந்த ரெகுலேட்டர் ஜெனரேட்டரின் மின்னழுத்தத்தை ஏறாமல் இறங்காமல் வைத்திருக்கும் கருவி. உள்ளே கரியால் செய்த சிறு வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். கீழே போட்டால் வட்டு விண்டுவிடும். அதனால்தான் அது போகும் பெட்டியின் மூடியைச் சுத்தியலால் ஆணி அடிக்காமல் திருகாணியால் முடுக்குவோம்.

பொதிவதற்கு ஒரு முறை உண்டு. முதலில், கம்பிகள் வந்து சேரும் ஏழு பித்தளைப் பின்களின் வாய்க்கு ஒரு அலுமினிய மூடி போட்டுத் திருகவேண்டும். பிறகு மெழுகுத் தாளில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் மணிகள் உள்ள சிறு பையை உடன் வைக்கவேண்டும். அந்த மணிகள் காய்ந்திருந்தால் நீலமாகவும் நனைந்தால் ரோஸ் நிறமாகவும் இருக்கும். மழைக்காலத்தில் தகரத்தட்டில் போட்டு மின்அடுப்பில் வறுத்து நீலமாக்குவோம். "சாமி கடல வறுக்குவாணு" என்று, நான் கடலை வறுப்பதாகக் கேன்டீன்காரர் ஊருக்கெல்லாம் சொல்லுவார். கோட்டைக்குள் அக்கிரகாரத்திலிருந்து வருகிற தமிழன் என்பதால் அங்கே எல்லோருக்கும் நான் சாமி. கடைசியில், பெட்டிக்குள் கருவி அசையாதபடி நான்கு பக்கமும் மரச்சுருள் திணிக்கவேண்டும். பென்சில் சீவினால் வருவதுபோல மெல்லிய இழைகளாகச் சென்னையிலிருந்தே வரும் அது.

இதெல்லாம் செய்தாயிற்று என்று அச்சடித்த சீட்டில் நான்கு கட்டங்கள். ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்து நான் டிக் செய்யவேண்டும். நடைமுறையில், பெட்டி மூடி முடுக்கிய பிறகு சீட்டு என் மேஜைக்கு வரும். நான்கு டிக்கும் ஒரே மூச்சில் போடுவேன். எல்லா ஸ்டோர்ஸிலும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

பொதிகிறவர் ஒரு தச்சர். நாகர்கோவிலுக்குக் கிழக்கே ஊர். நாங்கள் ஆசாரி என்போம். ஆறு வருஷமாகத் தினக்கூலி. நிரந்தர வேலைக்கான பட்டியலில் பெயர் போவதும் ஏதாவது ஒரு காரணத்தால் திரும்புவதுமாக இருந்தது. அதனாலேயே கேன்டீனில் அவருக்கு 'பெர்மனன்ட்' என்று பட்டப்பெயர். "பெர்மனன்டுக்கு ஒரு சாயா" என்று கூவுவார்கள். அவரும், "ஆமா, தினமும் பெர்மனன்டாட்டு கேலி பண்ணுதியளே, அதுக்காவது ஒரு ஆர்டர் தாங்கப்பா" என்று சொல்லிக்கொண்டே கிளாசை வாங்குவார்.

ஜூன் 4, திங்கள். மழை பிடித்துக்கொண்டிருந்தது. கொட்டகையின் தென்மூலை ஒழுகி, மரச்சுருள் மூட்டை முழுக்க ஊறிவிட்டது. ரெகுலேட்டர் அன்று மாலை தம்பானூரில் ரயில் ஏறவேண்டும். பயணிகள் அதிகமான நாட்களில் அவசரமில்லாதவற்றை விமானத்தில் ஏற்றமாட்டார்கள். ஆசாரி சாலை என்ற கடைத்தெருவுக்குப் போய் ஒரு கட்டுத் தேங்காய் நார் வாங்கிவந்தார். கடைக்காரர்கள் சகிரி என்பதை அவர் தும்பு என்பார். வெளுப்பாக, மெத்தென்று, காய்ந்த நார்.

வாங்கிவரச் சொன்னது நான். யோசனையும் என்னுடையதே.

பொது நூலகத்தில் கப்பல்களைப் பற்றிப் படித்திருந்தேன். தேங்காய் நாரில் திரித்த வடம் கடல்நீரில் ஊறினாலும் அழுகாது, அதனால் பழைய காலத்து மாலுமிகள் அதை விரும்பினார்கள் என்று. கடல்நீருக்கே அசையாத பொருள் மழைக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்று ஆசாரியிடம் சொன்னேன். கொஞ்சம் விஸ்தாரமாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அவர் ஒரு இழையை எடுத்து நாக்கில் வைத்தார்.

"சாமி, கரிக்கி."

"என்ன கரிக்கிறது?"

"உப்பு. காயல் உப்புத்தண்ணியில மாசக்கணக்கா ஊறப்போட்ட கதம்பை மட்டையாக்கும். வெளுப்பப் பாத்தா தெரியாதா. நம்ம வீட்டுத் தும்புன்னா இப்படி இருக்காது, கேட்டியளா."

"அந்த உப்புதான் அதை அழுகாமல் காப்பாற்றுகிறது ஆசாரியாரே."

"தும்பு அழுகாது, சரி. பித்தளையைப் பத்தி உங்க புஸ்தகத்துல என்ன போட்டிருக்கு?"

நான் சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டு நாரைத் திணித்தார். இந்தப் பேச்சை அன்று மாலையே நாட்குறிப்பில் எழுதினேன், வேடிக்கை என்று. 'நாக்கில் வைத்துப் பார்த்தார்' என்று அடிக்கோடு வேறு.

இருபத்திரண்டு நாள் கழித்துப் பணிமனைக் கடிதம் வந்தது. எங்கள் அதிகாரி என்னைக் கூப்பிட்டார். ஆலப்புழைக்காரர். என்னிடம் பேசும்போது தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்பார்.

"சாமி, சனிக்கிழமை பெர்மனன்ட் லிஸ்ட் போகுந்நு. ஆசாரி பேரு மூணாமத்தது. அயாள் மேலே புகார் ஒண்ணும் இல்லைன்னு நான் எழுதிக் கொடுக்கணம். இந்தக் கடுதாசு கையில் இருக்கும்போ எப்படி எழுதும்? பொதிஞ்சது அயாளல்லே?"

"பொதிந்தது அவர்தான் சார்."

இன்னும் சொல்ல மீதி இருந்தது. 'நார் வாங்கச் சொன்னது நான்' என்று நான்கு சொல்தான். சொல்லாமல் வெளியே வந்து, கொட்டகையைச் சுற்றி நடந்தேன். இரண்டு முறை சுற்றியதாகக் குறிப்பு சொல்கிறது.

புதன், வியாழன், வெள்ளி ஆகிய மூன்று நாளும் நான் ஒரு இடத்தில் உட்கார்ந்ததாக நினைவில்லை. பஸ்சில் இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டே போனேன். புதன் மாலை கிழக்கேகோட்டையில் இறங்கி நேரே வீட்டுக்குப் போகாமல் சாலைக் கடைத்தெருவுக்குள் நுழைந்து, ஆசாரி வாங்கிய அதே கடையில் அதே நாரில் ஒரு பிடி கேட்டேன். "கிளிக்கூட்டுக்கா அண்ணே?" என்றார் கடைக்காரர். "ஆமாம்" என்று சொல்லிவிட்டேன்.

வீட்டு ஜன்னல் விளிம்பில் ஐந்து கிண்ணிகளை வரிசையாக வைத்தேன். ஐந்திலும் ஆபீசிலிருந்து எடுத்துவந்த பித்தளைத் திருகாணி ஒவ்வொன்று. முதல் கிண்ணியில் வாங்கியபடியே நார். இரண்டாவதில் மழைத்தண்ணீரில் அலசிப் பிழிந்து உலர்த்திய நார். மூன்றாவதில் உலர்ந்த மரச்சுருள். நான்காவதில் திருகாணி மட்டும். ஐந்தாவதில் திருகாணியைத் தலைவலித் தைலத்தின் காலிக் குப்பியில் போட்டு, மூடியைத் திருகி, அந்தக் குப்பியைச் சுற்றி அலசாத நார். ஒவ்வொன்றின் அடியிலும் தேதி எழுதிய துண்டுச்சீட்டு.

"ஏன்னா, இதென்ன, கிண்ணி கிண்ணியா நாரும் ஆணியும்? தோசைக்குச் சட்னி வெக்கக் கிண்ணி தேடிண்டிருக்கேன்" என்றாள் மனைவி.

"ஒரு பரீட்சை. சனிக்கிழமை வரைக்கும் தொடாதே."

"ஆபீஸ் பரீட்சைன்னா ஆபீஸ் ஜன்னல்ல வெக்கப்படாதோ?" என்றவள், என் முகத்தைப் பார்த்தாள். "என்ன தப்பு பண்ணினேள்?"

சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "அந்த மனுஷன் கரிக்கறதுன்னு சொன்னானோல்லியோ. அதை அப்படியே எழுதிக் குடுத்துட வேண்டியதுதானே. இதுக்கு எதுக்கு அஞ்சு கிண்ணி?" என்றாள்.

அவள் கேட்டது சரி. ஆனால் எழுதுவதற்கு முன் எனக்கு உறுதியாகத் தெரியவேண்டியிருந்தது. உறுதியாகத் தெரிந்தால்தான் எழுதுவேன் என்பது நல்ல குணம் என்று அதுவரை நினைத்திருந்தேன். அந்த மூன்று நாளில் அது தள்ளிப்போடுவதற்கான வழியாகவும் இருந்தது.

வியாழக்கிழமை ஆசாரி என் மேஜையருகே வந்து நின்றார். கடிதத்தைப் பற்றி அதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"என் பேரு திரும்பிருமா சாமி?"

"அதிகாரி இன்னும் முடிவு பண்ணவில்லை."

"திரும்பினா இந்தத் தடவையோட முடிஞ்சுது. அடுத்த லிஸ்டுக்கு வயசு தாண்டிரும்லா." கொஞ்ச நேரம் மேஜை விளிம்பின் மரத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார். "சீட்டுல நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன். நான் சொன்னேன், நீங்க சொன்னியன்னு இப்பப் பேசி என்ன செய்ய."

அவர் என்னைக் குற்றம் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "பொறுங்கள்" என்றேன். பொறுப்பதற்கு அவரிடம் இரண்டு நாள்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை அதிகாரி மறுபடி கூப்பிட்டார். "ஒரு காரியம் சொல்லட்டே? மழையில் ரயில்வே பார்சல் நனைஞ்சுன்னு எழுதிக்கோ. ரயில்வேக்கு இதெல்லாம் சாதாரணம். நீயும் தப்பிச்சு, அயாளும் தப்பிச்சு."

"நனைந்ததற்கு ஆதாரம் இல்லை சார். பெட்டி வெளியே நனைந்திருந்ததாகப் பணிமனை எழுதவில்லை."

"சாமிக்கு எல்லாத்துக்கும் ஆதாரம் வேணம். சரி. நாளைக்குப் பத்து மணிக்கு என் மேஜையில் என்னெங்கிலும் வேணம்."

சனிக்கிழமை காலை, பல் தேய்ப்பதற்கு முன் கிண்ணிகளைப் பார்த்தேன். அலசாத நாரில் கிடந்த திருகாணியின் பள்ளத்தில் பச்சை நன்றாகத் தெரிந்தது. அலசிய நாரில் மங்கல் மட்டும். மரச்சுருளில் ஒன்றும் இல்லை. வெறுமனே கிடந்த நான்காவதில், தலையின் ஓரத்தில் கடுகளவு பச்சை. ஆபீசிலிருந்தே வந்ததோ என்னவோ, வைப்பதற்கு முன் நான் அதைச் சரியாகப் பார்க்கவில்லை. ஐந்தாவது, குப்பிக்குள் இருந்தது, புதிதுபோல மின்னியது.

அந்த ஐந்தாவதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். நார்தான் காரணம் என்பது முதல் கிண்ணியில் தெரிந்தது. ஆனால் இறுக்கித் திருகிய மூடிக்குள் நாரின் உப்பு போகாது என்று ஐந்தாவது சொன்னது. ரெகுலேட்டரின் ஏழு பின்களும் மூடிக்குள் இருந்திருக்கவேண்டும். இருந்திருந்தால் பச்சை எப்படிப் பிடித்தது? மூடி தளர்வாக இருந்திருக்கலாம். மணிகள் ரோஸ் நிறமாகியிருக்கலாம். அல்லது அன்று மழை அவசரத்தில் ஆசாரி மூடியே போடாமல் தாளைச் சுற்றியிருக்கலாம். நான் பார்க்கவில்லை. பார்த்ததாக டிக் போட்டிருந்தேன்.

ஆபீசுக்குப் போய் எழுதினேன். பொதிபொருள் மழையில் நனைந்துவிட்டதால் தேங்காய் நாரைப் பயன்படுத்த முடிவு செய்தது நான். அதில் உப்பு இருப்பதாகப் பொதிபவர் முன்கூட்டியே சுட்டிக்காட்டினார், நான் ஏற்கவில்லை. அந்த உரையாடல் அன்றைய என் சொந்தக் குறிப்பில் உள்ளது, வேண்டுமானால் காட்டுகிறேன். காயல் நாரில் வைத்த பித்தளை மூன்று நாளில் பச்சை பிடிப்பதைச் சோதித்துப் பார்த்தேன். பொறுப்பு முழுவதும் என்னுடையது. ஆசாரி, அந்தப் பொதியில் தமக்குத் தெரிந்ததைச் சொன்னதாகவும் நான் சொன்னபடி செய்ததாகவும் இரண்டே வரி தமிழில் எழுதிக் கையெழுத்திட்டார். தைலக் குப்பியைப் பற்றி நான் எழுதவில்லை.

அதிகாரி இரண்டு தாளையும் நிதானமாகப் படித்தார். படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"பின்னுக்கு மூடி போட்டிருந்தோ? அதை எழுதியில்லல்லோ."

கதவு திறந்திருந்தது. வெளியே ஆசாரி மழை விட்ட வெயிலில் மரச்சுருளைச் சாக்கில் பரப்பி உலர்த்திக்கொண்டிருந்தார். ஒரு குரல் கொடுத்துக் கேட்டிருக்கலாம். இல்லை என்று அவர் சொன்னால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. பத்தடிக்கு அப்பால் இருந்தவரிடம் கேட்காமல், "போட்டிருந்தது சார். சீட்டில் டிக் இருக்கிறது" என்றேன்.

"எங்கில் அதும் எழுதிக்கோ."

ஓரத்தில் ஒரு வரி சேர்த்தேன்: பின்களின் மூடி பொருத்தப்பட்டிருந்தது. அதனருகே சின்னதாக என் பெயரின் முதல் எழுத்துகளைப் போட்டுத் தேதியும் இட்டேன்.

பட்டியல் அன்றே போயிற்று. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்து கோப்பில் சேர்ந்தது. அடுத்த ஆண்டு காலியான மேற்பார்வையாளர் இடம் எனக்குப் பின்னால் சேர்ந்தவருக்குப் போயிற்று. அதற்கு இதுதான் காரணமா என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தேங்காய் நார், வைக்கோல், உமி எதுவும் பயன்படுத்தக்கூடாது என்று எல்லா நிலையங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது. மூன்றையும் சேர்த்து எழுதியவருக்கு எங்களைப் பற்றி என்ன அபிப்பிராயம் என்று அதிலேயே தெரிந்தது. சாலைத் தெருவில் உமியும் விற்கிறார்கள் என்பது உண்மைதான்.

ஆசாரிக்கு ஆர்டர் வந்தது செப்டம்பரில். அடுத்த வெள்ளிக்கிழமை பழவங்காடிப் பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டபடி தேங்காய் உடைத்துவிட்டு, ஆபீசுக்குப் பிரசாதத்தோடு வந்தார்.

"எல்லாத்தையும் நார் ஒரு இழை இல்லாம உரிச்சுத்தான் கொண்டுபோனேன் சாமி. பிள்ளையாருக்கும் பச்சை பிடிச்சிட்டுன்னா ரெண்டு பேரும் மறுபடி விளக்கம் எழுதணும்லா."

கேன்டீனில் அன்று முழுக்க இதுவே பேச்சு. பெர்மனன்ட் என்ற பட்டப்பெயர் மட்டும் ஒரே வாரத்தில் வழக்கொழிந்தது. உண்மையாகிவிட்ட பிறகு அதில் ருசி இல்லை போலும்.

அதன்பிறகு நான் ஒவ்வொரு மூடியையும் கையால் திருகிப் பார்த்த பிறகே டிக் போட்டேன். பெட்டியைத் திறந்துவைத்து என்னைக் கூப்பிடவேண்டும் என்று சொன்னபோது ஆசாரி மறுப்பேதும் சொல்லவில்லை. "ஆகட்டும்" என்றார், அவ்வளவுதான்.

நிரந்தரமானவர்களுக்குத்தான் இடமாற்றம் உண்டு. மூன்று வருஷத்தில் அவரைச் சென்னைப் பணிமனையின் பொதிப் பிரிவுக்கே மாற்றினார்கள். 1981இல் எங்கள் தகரக் கொட்டகையைப் பிரித்துப் புதுக் கட்டடத்துக்குப் போனோம். அவருடைய பழைய வேலைமேஜையை நகர்த்தியபோது, சுவருக்கும் மேஜைக்காலுக்கும் இடையில், திருகாணிகளும் மரத்தூளும் சேர்ந்த அழுக்கில் ஒரு அலுமினிய மூடி கிடந்தது. துடைத்து அளவு பார்த்தேன். ஏழு பின் வாய்க்கு உரியது. அதே வகை ரெகுலேட்டர்கள் வேறும் எங்களிடம் வந்து போயிருக்கின்றன. சில சமயம் மூடிகள் உபரியாகவும் வரும். மூடியில் எண் ஏதும் பொறிக்கவில்லை. எந்தப் பெட்டியிலிருந்து தவறியது என்று அதைப் பார்த்துச் சொல்லமுடியாது.

அந்த வாரமே ஆசாரிக்கு ஒரு இன்லாண்டு லெட்டர் எழுதினேன். நலம் விசாரித்து, கொட்டகை போன கதையைச் சொல்லி, மூடி கிடைத்ததையும் எழுதி, அன்று மூடி போட்ட நினைவு இருக்கிறதா என்று கேட்டேன். எப்படிப் பதில் சொன்னாலும் இப்போது யாருக்கும் ஒன்றும் ஆகாது என்றும் சேர்த்தேன். பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. மூத்த மகளுக்கு வரன் அமைந்திருக்கிறது. சென்னையில் தண்ணீர்க் கஷ்டம். கை நடுக்கம் தொடங்கியிருப்பதால் திருகாணி வேலையை இப்போது வேறு ஆள் பார்க்கிறார். "இங்கே தும்பு என்று சொன்னாலே எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், சாமிக்கு என் வணக்கம்" என்று முடித்திருந்தார். மூடியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மறந்துபோய் விட்டாரா, வேண்டுமென்றே விட்டாரா தெரியவில்லை. நான் மறுபடி கேட்கவில்லை.

மூடி இப்போது என் மேஜை இழுப்பறையில், தைலக் குப்பியோடு இருக்கிறது. இந்தக் குறிப்பில் தந்த தேதிகளை நாட்குறிப்போடும், விளக்கக் கடிதத்தின் வாசகத்தை என்னிடம் உள்ள கார்பன் நகலோடும் ஒப்பிட்டுவிட்டேன். அசலின் ஓரத்தில் நான் பிறகு சேர்த்த ஒரு வரியை மட்டும் ஒப்பிட எதுவும் இல்லை. 1973 ஜூன் 4 அன்று அந்த ரெகுலேட்டரின் பின்களுக்கு மூடி போடப்பட்டிருந்ததா என்பது இதுவரை சரிபார்க்கப்படவில்லை.